ஐந்தாவது இதழில் ஒரு புள்ளி

இசக்கி கம்ப்யூட்டரில் தகடு எழுதுகிறாள் என்று எனக்குச் சொன்னது அம்மா. அம்மாவுக்குச் சொன்னது மஹாலக்ஷ்மி மாமி. மாமிக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "கோயில்ல பேசிண்டா" என்றாள் அம்மா. கோயிலில் யார் பேசிக்கொண்டார்கள் என்ற கேள்விக்குக் கல்லிடைக்குறிச்சியில் இதுவரை யாருக்கும் பதில் கிடைத்ததில்லை.

தகடு என்றால் செப்புத் தகட்டில் கட்டம் கீறி, மந்திரம் எழுதி, வேண்டாதவர் வாசலில் புதைத்து வைப்பது. அதைக் கம்ப்யூட்டரில் எப்படி எழுதுவது, எழுதினாலும் எப்படிப் புதைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. 1998 ஐப்பசி அது. நான் மஸ்கட்டில், ரூவி பகுதியில், மூன்றாவது மாடி வீட்டில் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"உன்னோட அந்த வண்ணாரப்பேட்டைக் கடையில ஒக்காந்துண்டிருப்பாளே, மலையிலேர்ந்து வந்த பொண்ணு, அவதாண்டி. வாசல்ல ஒட்டற ஸ்டிக்கர் கோலம் இருக்கோல்லியோ, அதுக்குள்ள வச்சுட்டாளாம். ஒட்டின ஆத்துல மாட்டுப்பொண் தங்கமாட்டேங்கறாளாம். டவுன்ல மட்டும் மூணு பேர் பொறந்தாத்துக்குப் போயிட்டா."

"எப்போ போனா?"

"ஆடியில."

"அம்மா, ஆடியில புதுப்பொண்ணு பொறந்தாத்துக்குப் போகத்தானே போவா?"

"ஆவணி பொறந்தும் ஒருத்தி திரும்பலையாமே" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "எல்லாக் கோலத்துலயும் ஒரே எடத்துல ஒரு கறுப்புப் புள்ளி இருக்காம். கையால போட்டதுன்னா தப்புன்னு விட்டுடலாம். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதோல்லியோ? அப்போ யாரோ வச்சதுதானேங்கறா. வச்சிருந்தா எதுக்கோதானே வச்சிருப்பா?"

ரிசீவரை வைத்துவிட்டு வாசல் கதவைத் திறந்தேன். மாசி மாதம் அம்மா அப்பளக் கட்டோடு அனுப்பியிருந்த ஸ்டிக்கர் கோலம் ஒன்றை நிலைப்படிக்கு முன்னால் ஒட்டியிருந்தேன். வெள்ளையும் சிவப்புமாகப் பதினாறு இதழ், உள்ளே சின்னதாக இன்னொரு பதினாறு இதழ். குனிந்து பார்த்தேன். உச்சியில் நிற்கும் இதழை ஒன்று என்று வைத்து வலப்பக்கமாக எண்ணினால், ஐந்தாவது இதழின் வயிற்றில் கடுகளவு ஒரு கறுப்பு. எட்டு மாதமாக அதை அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அதை வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் அந்த நிமிஷம் பட்டது.

*

இசக்கியம்மாளின் ஊர் மாஞ்சோலைக்கும் மேலே, நாலுமுக்கு. தேயிலை எஸ்டேட் வேலையாட்களுக்குக் கொடுக்கும் லயன் வீட்டில் பிறந்தவள். அப்பாவுக்குத் தேயிலைக் காட்டில் மருந்தடிக்கிற வேலை. அம்மா கொழுந்து பறித்தவள். அங்கே வருஷத்தில் முக்கால்வாசி மழை. வாசலில் கோலம் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் வாசலே ஓடிப்போய்விடும் என்பாள். அதனால் அவள் வீட்டில் யாரும் கோலம் போட்டதில்லை, அவளுக்கும் வராது. வண்ணாரப்பேட்டையில் சித்தி வீட்டில் தங்க வந்த முதல் மார்கழியில் சித்தி கோலப்பொடியை இவள் கையில் கொடுத்திருக்கிறாள். மறுநாளே பிடுங்கிக்கொண்டாளாம். "ஏட்டி, இது கோலமா, கோழி கிண்டுன எடமா?"

பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தொன்று. மறுபடி எழுதி முப்பத்தாறு. அம்பாசமுத்திரத்தில் தமிழ் டைப்ரைட்டிங் இளநிலை. அதை வைத்துக்கொண்டு வேதநாயகம் அண்ணாச்சியின் டி.டி.பி. கடையில் சேர்ந்தாள். கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா, கொடை விழா அழைப்பிதழ், இவைதான் வேலை. ஒரு வருஷம் கழித்து நான் ஆங்கிலம் அடிக்க அங்கே போனேன். எட்டாவது வரை தமிழில் படித்துப் பிறகு ஆங்கிலத்துக்கு மாறியவள் நான். கல்யாணம் நிச்சயமாகும் வரை சும்மா இருக்க வேண்டாம் என்று அப்பா அனுப்பினார். கல்லிடைக்குறிச்சியிலிருந்து காலை ரயிலில் வந்து, ஜங்ஷனில் இறங்கி நடந்து போவேன். மாடிப்படி ஏறும்போதே இசக்கியின் குரல் கேட்கும். இறந்தவர்களின் பெயர்களைச் சத்தமாக வாசித்துப் பிழை பார்ப்பாள்.

ஃபோட்டோஷாப்பின் ஆங்கிலப் பட்டியல் எதுவும் அவளுக்கு வாசிக்க வராது. இடத்தை வைத்து மனப்பாடம். "மேல நாலாவது, தொறந்தா கீழ ஆறாவது, அதுக்குள்ள பக்கத்துல ரெண்டாவது" என்பாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. நான் வாசித்து, அர்த்தம் புரிந்து, யோசித்து அழுத்துவதற்குள் அவள் வேலையை முடித்திருப்பாள்.

அவள் வட்டக் கோலம் வரையத் தொடங்கியது நூர்முகம்மது பாயால். மேலப்பாளையத்தில் ஸ்டிக்கர் அச்சடிக்கிறவர். கோலப் புத்தகத்தைப் பார்த்துக் கையால் வரைந்த பழைய மாதிரிகள் சலித்துவிட்டன, கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்று வேண்டும் என்று ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். கோலமே போடத் தெரியாத இசக்கியிடம் அண்ணாச்சி அந்த வேலையைக் கொடுத்தார், ஏனென்றால் நான் அன்றைக்குக் ஒரு கல்லூரி ஆண்டு மலர் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அரை நாள் உட்கார்ந்து ஒரே ஓர் இதழ் வரைந்தாள். அதை நகலெடுத்துத் திருப்பி வைத்தாள். அந்த நகலை நகலெடுத்து இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அதிலிருந்து இன்னொன்று. வட்டம் முடிந்தபோது முதல் இதழ் கத்தி மாதிரி இருந்தது. பதினாறாவது இதழ் கஞ்சியில் விழுந்த மாதிரி கரைந்திருந்தது. நூர்முகம்மது பாய் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார்.

"ஏளா இசக்கி, தொடக்கம் நல்லாத்தான் இருக்கு. போகப் போகத் தூக்கம் வந்துட்டோ உனக்கு?"

"எனக்கு இல்ல பாய், மெஷினுக்கு."

அவர் போன பிறகு அவள் ஒவ்வோர் இதழாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களை இயந்திரம் புதிதாக ஊகித்து நிரப்புகிறது, அதனால் தெளிவு குறைகிறது என்று நான் விளக்கினேன். "அப்போ ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா மறந்துருது, என்னக்கா?" என்றாள். மறுநாளிலிருந்து நகலின் நகலை அவள் தொடவில்லை. ஒவ்வொரு முறையும் முதல் இதழுக்கே திரும்பிப் போய், அதிலிருந்து எடுத்து, இருபத்திரண்டரை, நாற்பத்தைந்து, அறுபத்தேழரை என்று பாகைக் கணக்குப் போட்டுத் திருப்பினாள். அந்த எண்களை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதி மானிட்டரின் விளிம்பில் ஒட்டிக்கொண்டாள். கணக்கில் முப்பத்தொன்று வாங்கியவள். "பதினாறா வகுத்தா அரையோட நிக்கும். பதினஞ்சா வகுத்தா முழுசா வரும். ஏழா மட்டும் கேக்காதீங்க பாய், அது அடங்காத பிள்ளை" என்று வாடிக்கையாளருக்கே பாடம் எடுப்பாள்.

ஒன்று மட்டும் அவளுக்கு ஒப்பவில்லை. செய்ததைத் திரும்பப் பெறும் வசதி. பிற்பாடு வந்த பதிப்புகளில் பல படி பின்னால் போகலாம் என்கிறார்கள். எங்களிடம் இருந்ததில் ஒரே படிதான். அதற்கு இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும்.

"செஞ்சத இல்லேன்னு ஆக்குறது இசக்கி" என்றேன்.

"செஞ்சது எப்பிடிக்கா இல்லேன்னு ஆவும்?"

ஒரு கோடு போட்டு அழுத்திக் காட்டினேன். கோடு போயிற்று. அவளே இன்னொரு முறை அழுத்தினாள். கோடு வந்துவிட்டது.

"வந்துட்டே!"

"ஒரு தடவை அழுத்தினா போயிடும். ரெண்டாவது தடவை அழுத்தினா, போனதை இல்லேன்னு ஆக்கிடும்."

"அப்போ மெஷினுக்கும் சொன்ன சொல்லு நிக்காது" என்று சிரித்தாள். அவள் அந்த விசைகளைப் பெரும்பாலும் தொடவே மாட்டாள். தப்பு வந்தால் பழைய கோப்பைத் திறந்து முதலிலிருந்து செய்வாள்.

ஒரு வருஷத்தில் பதினோரு வட்டம் வரைந்தாள். பாயின் ஸ்டிக்கர்கள் சங்கரன்கோவில், வள்ளியூர் என்று போயின. "ராதாபுரம் பனங்காட்டுக்குள்ள ஒரு வீடு. ஓலைக்கதவு. அது முன்னால உன் வட்டம் கெடக்கு இசக்கி" என்று ஒரு நாள் வந்து சொன்னார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "பாத்துக்கிடுங்க வேதநாயகம், நான் கோலம் விக்க ஆளுதான், எங்க வீட்ல ஒட்டுததுக்கு இல்ல. ஆனா நல்ல கோலம் எதுன்னு எனக்குத் தெரியும். பொம்பளையாளு கையில எடுத்துட்டுத் திருப்பி வைக்காம நிக்கா பாத்தீரா, அதான் நல்ல கோலம். இவ போடுதத ஒருத்தியும் திருப்பி வைக்க மாட்டேங்கா."

அந்த நாற்காலி அவளுக்கு ஒரு வேலை மட்டும் இல்லை. அப்பா வேலையிலிருந்து இறங்கினால் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அல்லது வீட்டில் ஒருவர் எஸ்டேட்டில் பெயர் பதிந்து வேலைக்கு ஏற வேண்டும். வேறு பிள்ளைகள் கிடையாது. அப்பா இறங்குவது 1998 நவம்பர் முடிவில். அதற்குள் வண்ணாரப்பேட்டையிலேயே ஒரு சின்ன வீடு பார்த்து இருவரையும் கீழே கூட்டி வந்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம். மத்தியானம் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே அதைப் பற்றித்தான் பேசுவாள்.

"அப்பா எறங்குத அன்னைக்கு நான் மேல ஏறக் கூடாதுக்கா. எனக்கு அவ்வளவுதான்."

*

1997 செப்டம்பரில் ஒரு புதன்கிழமை அந்தக் கடையில் எனக்குக் கடைசி நாள். அடுத்த வாரம் கல்யாணம். இசக்கி பன்னிரண்டாவது வட்டத்தை முடித்திருந்தாள். நான் மேலே சொன்ன பதினாறும் பதினாறும். நான்கு மணிக்குப் பாயின் ஆள் வந்து வாங்கிப்போக வேண்டும். மூன்று மணிக்கு அவள் கீழே எஸ்.டி.டி. பூத்துக்கு இறங்கினாள். புதன்கிழமை தோறும் நாலுமுக்கில் கருத்தையா கடை போனுக்கு அவள் அப்பா வந்து காத்திருப்பார்.

நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதழ் இதழாகச் சுற்றி வந்தேன். ஒரு குறையும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. புது வீட்டுக்குப் பூசணிக்காய் கட்டுகிறோம், குளிப்பாட்டின குழந்தையின் கன்னத்தில் மை வைக்கிறோம். இவ்வளவு நேர்த்தியாக ஒன்றை எப்படி வெறுமனே ஊருக்குள் அனுப்புவது? தூரிகையைக் கறுப்புக்கு மாற்றி ஐந்தாவது இதழில் ஒரு புள்ளி வைத்தேன். அவள் வந்ததும் காட்டிச் சிரிக்கலாம் என்றுதான்.

வைத்த பிறகு வேறொரு கவலை வந்தது. இது அவள் வேலை. நான் யார் கை வைக்க? இரண்டு விசைகளையும் அழுத்தினேன். அந்த இயந்திரம் மெதுவானது. திரையில் மணல் கடிகாரம் தோன்றி நின்றது. அப்போது படியில் அண்ணாச்சியின் செருப்புச் சத்தம். எனக்குக் கொடுக்க எவர்சில்வர் குத்துவிளக்கை வர்ணக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். நான் அவசரத்தில் வட்டத்தைச் சிறிதாக்கி, கோப்பைச் சேமித்து எழுந்துவிட்டேன். சிறிதாக்கினால் கடுகு கண்ணுக்குத் தெரியாது.

மணல் கடிகாரம் நின்றபோது, அழுத்தியது பதியவில்லை என்று நினைத்து நான் இன்னொரு தடவை அழுத்தினேனா? அதுதான் எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை என்றால் புள்ளி போயிருக்கும். இரண்டு தடவை என்றால் வந்திருக்கும்.

அம்மாவின் போனுக்குப் பிறகு நான்கு நாள் என் விரல்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சமையல் மேடையில் இரண்டு விரல்களை வைத்து அழுத்திப் பார்ப்பேன். ஒரு தடவை அழுத்தினாலும் சரியாகப் படும், இரண்டு தடவை அழுத்தினாலும் சரியாகப் படும். என் கணவர் சாய்கிருஷ்ணன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "ஒரு வருஷத்துக்கு முன்னாடி எந்த பட்டனை எத்தனை தடவை அமுக்கினோம்னு யாராவது ஞாபகம் வச்சுப்பாளா?"

"அப்போ அவளே வச்சிருப்பாளோ?"

"இருக்கலாம்."

"அச்சுல விழுந்த தூசியா இருக்குமோ?"

"இருக்கலாம்."

"நான்தானோ?"

"அதுவும் இருக்கலாம். போன் பண்ணிக் கேளேன்."

பூதக்கண்ணாடி வாங்கி வந்து நிலைப்படியில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். எதிர்வீட்டு மலையாளி அம்மாள் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டாள். தூசி என்றால் விளிம்பு கூராக இருக்கும். இந்தப் புள்ளியின் விளிம்பு மெத்தென்று இருந்தது, தூரிகையில் வைத்த புள்ளி மாதிரி. ஆக அது ஒரு கை வைத்தது. அந்த மட்டில் டவுன் பெண்கள் சொன்னது சரி.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் 'நேர்ந்திருக்கக்கூடும்' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் நின்றுகொள்ள முடிந்தது. தமிழில் ஆரம்பித்தால் 'நான்தான்' என்று வந்தது, உடனே அது உண்மையா என்ற சந்தேகமும் வந்தது. இரண்டையும் கிழித்துப் போட்டேன். அதில் இரண்டு நாள் போயிற்று.

வெள்ளிக்கிழமை, மஸ்கட்டில் விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு, ஊரில் பத்தரை இருக்கும், கடைக்கு போன் போட்டேன். அண்ணாச்சியே எடுத்தார்.

"யாரு? ஹம்சினிம்மாவா? ஏசப்பா! மஸ்கட்ல இருந்தா பேசுதீங்க? நல்லா இருக்கீங்களா? சார் நல்லா இருக்காரா? சட்டுனு சொல்லுங்க, வெளிநாட்டு போனு."

"அண்ணாச்சி, இசக்கி பத்தி ஏதோ கேள்விப்பட்டேன்."

"அங்கன வரைக்கும் பேச்சு வந்துட்டா?" பெருமூச்சு விட்டார். "நேத்துகூட பாய் வந்து உக்காந்துட்டுப் போறாரு. கடைக்காரங்க கட்டுக் கட்டாத் திருப்பி அனுப்புதாங்க. அவரு என்ன சொல்லுதாருன்னா, 'வேதநாயகம், கோலம் விக்கது என் பேருல. இந்தப் பேச்சு என் பேருல ஒட்டுனா கதை வேற திக்குக்குப் போயிரும். புள்ளி எப்பிடி வந்துச்சுன்னு ஒரே ஒரு ஆளு தெளிவாச் சொல்லட்டும், கடை கடையா நானே போய்ச் சொல்லிட்டுப் புதுசா அடிச்சுக்கிடுதேன்'ங்காரு. நல்ல மனுசன்."

"இசக்கி என்ன சொல்றா?"

"அங்கதான் எனக்கு மண்டை காயுது. மொத வாரம் கேட்டேன். எனக்குத் தெரியாது அண்ணாச்சின்னா. நீ வரைஞ்சது உனக்குத் தெரியாதுன்னா வேற எவனுக்குளா தெரியும்னு நானும் சத்தம் போட்டுட்டேன். மறுநாளு வந்து, நாந்தான் வச்சேன், திருஷ்டிக்கு வச்சேன்னா. எதுளா நெசம்னு கேட்டா, எது சொன்னா சீட்டு நெலைக்குமோ அத எழுதிக்கிடுங்க அண்ணாச்சின்னுட்டா. இப்பிடிச் சொல்லுத பிள்ளைய மறுபடி எப்பிடி மெஷின்ல உக்கார வைக்க? இது தெளியுத வரைக்கும் உக்காராதன்னுட்டேன்."

"அண்ணாச்சி, அத வச்சது நான்."

"நீங்களா?"

"நான்தான். நான்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கீங்களா?"

"எடுத்துட்டேன்னு நினைச்சேன். எடுக்கலை போலருக்கு."

"வச்சீங்களா, எடுத்தீங்களா?"

"ரெண்டும்."

"ஹம்சினிம்மா, நீங்க நல்ல மனசுக்காரி. அவளுக்காகப் பழியத் தூக்கிப் போட்டுக்கிடணும்னு பாக்கீங்க."

"இல்ல அண்ணாச்சி, சத்தியமா. நீங்க விளக்கு கொண்டுவந்த அன்னிக்கு. அவ கீழ போன் பேசப் போயிருந்தா."

"வெளக்கு..." அவர் நினைவுபடுத்திப் பார்ப்பது தெரிந்தது. "ஆமா, நீங்க அவ சீட்டுலதான் இருந்தீங்க. என்னைப் பாத்ததும் துள்ளி எந்திரிச்சீங்க. அழுதுருவீங்களோன்னு நான் நெனச்சேன்." பிறகு குரல் மாறியது. "அப்போ அவ ஏன் நாந்தான் வச்சேன்னா? நீங்க வச்சது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சிருக்குமோ என்னவோ."

எனக்கு அந்தக் கணம்தான் அது தோன்றியது. அவள் ஒவ்வோர் இதழாகப் பெரிதாக்கிப் பார்க்கிறவள். புள்ளியை அன்றைக்கே பார்த்திருக்கலாம். பார்த்து, நான் வைத்தது என்று தெரிந்து, கல்யாணத்துக்குப் போகிறவள் வைத்தது, இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். அப்படியானால் முதலில் தெரியாது என்று சொன்னது என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க. பார்க்கவே இல்லை என்றால், தெரியாது என்றது உண்மை, இரண்டாவதாகச் சொன்னது நாற்காலிக்காக. எது என்று அவளைத் தவிர யார் சொல்ல முடியும்?

"அவகிட்ட குடுங்க அண்ணாச்சி, நானே பேசறேன்."

"அவ இங்கன எங்க இருக்கா? நேத்து மத்தியானம் பஸ்ஸுல மலையேறிட்டா. இன்னைக்கு எஸ்டேட் ஆபீஸ்ல பேரு பதியுதா. பன்னெண்டரைக்கு வரச் சொல்லியிருக்காங்களாம். பதிஞ்சிட்டான்னா அவ பேருலதான் வீடு. அப்பொறம் எறங்குனா அம்மையும் அப்பனும் தெருவுல. எறங்க மாட்டா."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது இருபது. ஊரில் பத்து ஐம்பது.

"அவ வந்தா உக்கார வைப்பீங்களா?"

"சீட்டு சும்மாத்தான் கெடக்கு. வேற யாரையும் உக்கார வைக்கல, அந்த நம்பரு எழுதுன அட்டையகூட நான் கிழிக்கல. அவ பேரு பதியாம எறங்கி வரட்டும். நீங்களும் பாய்க்கு ஒரு கடுதாசி போடுங்க. நான் வைக்கல, இன்னாரு வச்சதுன்னு அவ ஒரே பேச்சா நின்னாப் போதும். ஆனா நீங்க அவட்ட சொல்லணும். நான் சொன்னா, அண்ணாச்சி எரக்கப்பட்டுக் கதை கட்டுதாருன்னு நெனப்பா. கருத்தையா கடை நம்பரு இருக்கா?"

இருந்தது. அவள் எனக்கு எழுதிய ஒரே கடிதத்தின் ஓரத்தில், 'அவசரம்னா மட்டும்' என்று எழுதி, பக்கத்தில் குறித்திருந்தாள். கடிதம் எந்தப் பெட்டியில் என்று தேடுவதில் இருபது நிமிஷம் போனது. சாய்கிருஷ்ணன் கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்துக் கொடுத்தார். குத்துவிளக்கைச் சுற்றி வந்த வர்ணக் காகிதத்துக்குள் மடித்து வைத்திருந்தேன்.

முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை யாரோ மதுரையில் எடுத்து, இது மருந்துக்கடை என்றார். மூன்றாவது தடவை நாலுமுக்கில் மணி போகத் தொடங்கியது. கடிதத்தைத் தேடும்போது நினைத்து வைத்த வார்த்தைகள் எல்லாம் இப்போது இல்லை. புள்ளி நான் வைத்தது என்று தொடங்குவதா, பதியாதே என்று தொடங்குவதா? உனக்குத் தெரியுமா இசக்கி என்று கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதைக் கேட்க இது நேரமில்லை. ஊரில் மணி பதினொன்று இருபத்தைந்து. கருத்தையாவை நான் பார்த்ததில்லை. கடையில் அவர் இருந்தாலும் லயன் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும், அவள் நனைந்துகொண்டு ஓடி வர வேண்டும்.

மணி அடித்து அடித்துத் தானாகவே நின்றது. மறுபடி எண்களை அழுத்தினேன். மணி போனது.

"சரியாப் போட்டியா?" என்றார் சாய்கிருஷ்ணன். "கடைசி நம்பரை ரெண்டு தடவை அமுக்கின மாதிரி இருந்தது."

"ஒரு தடவைதான்" என்றேன். சொன்ன பிறகு என் விரலைப் பார்த்தேன்.

வைத்துவிட்டு மறுபடியும் போடலாமா என்று நினைத்தேன். வைத்தால், அந்த நிமிஷம் அங்கே யாராவது ரிசீவரை நோக்கி வந்துகொண்டிருந்தால்? வைக்கவில்லை. சரியான எண்ணிலோ தவறான எண்ணிலோ, எங்கேயோ மணி அடித்துக்கொண்டிருந்தது.